பெரிய ராஜா குடிக்காமல் விட்ட கஷாயம்

வெகு காலத்துக்கு முன்னால் மருதவள நாட்டை மகிழேந்திரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் பல்லி கத்தினால் படுக்கையை விட்டு எழமாட்டான். பூனை குறுக்கே போனால் படையெடுப்பையே நிறுத்திவிடுவான். அந்த நாட்டில் சண்டை சச்சரவு இல்லாமல் இருந்ததற்குப் பூனைகள்தான் காரணம் என்று ஊரில் பேச்சு.

அவனுக்கு மந்திரி தில்லைநாயகம். சாமியெல்லாம் அவருக்குப் பெயரோடு சரி. பேய், பிசாசு, ஆவி எதுவும் கிடையாது என்று ராஜாவின் முகத்துக்கு நேரேயே சொல்வார். "பார்த்தேன் என்று யாராவது வரட்டும். நான் கேட்கிற நாலு கேள்விக்குப் பதில் சொல்லட்டும், நம்புகிறேன்" என்பார். இரண்டாவது கேள்விக்கு மேல் அவர் முன்னால் நின்றவர் யாரும் இல்லை.

மந்திரி பதவி மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தவர் அரண்மனை அதிகாரி உத்தண்டராயர். ஒரு வெள்ளிக்கிழமை சபை நிறைந்திருக்கும்போது மனிதர் திடீரென்று கிடுகிடுவென ஆடினார். கண்ணை உருட்டினார். "மகனே, மகிழா! உன் அப்பன் வந்திருக்கிறேனடா!" என்று கர்ஜித்தார்.

மூன்று வருஷத்துக்கு முன் இறந்துபோன பெரிய ராஜாவின் குரல் மாதிரியேதான் இருந்தது. ராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்து இறங்கி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"அப்பா! என்ன வேண்டும், சொல்லுங்கள்!"

"நெய் அதிரசம் கொண்டுவா!"

கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு அதிரசம் உள்ளே போன பிறகு அப்பாவுக்குப் பேச்சு வந்தது. "எங்களை இல்லை என்கிற அந்த மந்திரியை அடுத்த வெள்ளிக்குள் எல்லை தாண்டி விரட்டு. முத்திரை மோதிரத்தை உத்தண்டனிடம் கொடு. செய்யாவிட்டால் உன் வம்சம் விளங்காது!"

ராஜா தவித்துப்போனான். தில்லைநாயகம் இல்லாமல் அவனுக்கு ஒரு நாள் ஓடாது. ஆனாலும் பெற்ற அப்பாவை எதிர்த்துப் பேச முடியுமா? "மந்திரியாரே, வருகிற வெள்ளியன்று அப்பா காலில் விழுந்து, நம்புகிறேன் என்று சபையறியச் சொல்லும். மன்னித்தாலும் மன்னிப்பார். இல்லாவிட்டால் அன்று பொழுது சாய்வதற்குள் நீர் நாட்டை விட்டுப் போகத்தான் வேண்டும்" என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வீட்டில் மந்திரியின் மனைவி சிவகாமு அழுதாள். "என்னங்க, ஒரே ஒரு தடவை விழுந்து எழுந்திருச்சா என்ன குறைஞ்சிடும்?"

"எனக்கு ஒன்றும் குறையாது, சிவகாமு. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஆவி வேறு யாரையாவது விரட்டச் சொல்லும். அதற்கடுத்த வாரம் யார் தலையையாவது கேட்கும். அப்போது தடுக்க யார் இருப்பார்?" என்றார். சொன்னாரே தவிர, பிறந்து வளர்ந்த ஊரை விட்டுப் போவதை நினைத்து அவருக்கும் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில் எழுந்து நேரே அரண்மனை வைத்தியர் சுரும்பையாவின் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்ததும் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. உத்தண்டராயர் ஆடினார், உருட்டினார், கர்ஜித்தார். மந்திரி தடாலென்று அவர் காலில் விழுந்தார்.

"நம்புகிறேன், பிரபு! வந்திருப்பது பெரிய ராஜாவேதான் என்று முழுக்க முழுக்க நம்புகிறேன்!"

சபையே வாயைப் பிளந்தது. ராஜாவுக்கு ஆனந்தக் கண்ணீர்.

"நம்பிய பிறகு கடமையைச் செய்யாமல் இருக்கலாமா?" என்று எழுந்தார் தில்லைநாயகம். "பெரிய ராஜாவின் நீரிழிவுக்கு வைத்தியர் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாளுக்கு, மருந்து கொடுத்தார். நாற்பத்தோராம் நாள் பிரபு போய்விட்டார். இன்னும் ஏழு நாள் மருந்து மிச்சம். வைத்தியரே, வாரும்!"

சுரும்பையா வந்தார். ஒரு செம்பு நிலவேம்புக் கஷாயம், ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய், நெளிந்துகொண்டிருந்த அட்டைகள் ஒரு சட்டி. பின்னாலேயே ராஜாவின் தாயார், பெரிய ராணி கோதையம்மை வந்தார்.

உத்தண்டராயருக்கு வியர்த்தது. "மூடனே! ஆவிக்கு எதற்கு மருந்து?"

"அதிரசம் சாப்பிட்ட அதே வாய்தானே, பிரபு?" என்றார் மந்திரி.

பெரிய ராணி செம்பைத் தன் கையாலேயே வாங்கிக்கொண்டார். "உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான் அடம்பிடிப்பீர்கள். வாயைத் திறங்கள்."

ராணியின் கையைத் தட்டிவிட யாருக்குத் துணிச்சல் வரும்? கஷாயம் மடமடவென்று இறங்கியது. பின்னாலேயே விளக்கெண்ணெய். வைத்தியர் குனிந்து கெண்டைக்காலில் முதல் அட்டையை விட்டாரோ இல்லையோ, "நான் மலையேறுகிறேன்! போகிறேன்! இனி வரவே மாட்டேன்!" என்று அலறியது ஆவி.

"பிரபு, ஒரு நிமிஷம்! நான் நாட்டை விட்டுப் போகவேண்டுமே?" என்றார் மந்திரி பணிவாக.

"இருந்து தொலையய்யா! அட்டையை எடுக்கச் சொல்!"

சபை சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்தன. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். உத்தண்டராயரைப் பார்த்து, "வைத்தியத்தைப் பாதியில் விடக்கூடாது. மீதி ஆறு நாளும் தினமும் காலையில் இங்கேயே வந்து குடியும். அதன்பின் அதிகாரம் வேண்டாம், வீட்டில் இரும்" என்றான். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

பிறகு ராஜா தாயாரிடம் மெல்லக் கேட்டான். "அம்மா, நீங்களும் அப்பா என்றுதான் நம்பினீர்களா?"

"முதல் வெள்ளிக்கிழமையே பொய் என்று எனக்குத் தெரியும்" என்றார் கோதையம்மை. "நாற்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவர். செத்துத் திரும்பி வந்தால் உன் சபைக்கா முதலில் வருவார்? அதிரசம் கேட்டவர், நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே!"

"தெரிந்தும் ஏன் சொல்லவில்லை, அம்மா?"

"நீயும் கேட்கவில்லையேடா" என்றார் பெரிய ராணி.