மயிலிறகு மெத்தைக் கடையின் புது முகவரி

போடியில் மயிலிறகு மெத்தைக் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி மூவரும் பெரிய கெட்டிக்காரர்கள். அப்படித்தான் அவர்களே சொன்னார்கள். மூத்தவர் சுருளிவேல், அடுத்தவர் மொக்கராசு, கடைக்குட்டி தவசி.

மூணாறில் புதிதாகத் திறக்கப்போகும் ஓட்டலின் மேனேஜர் ஒருநாள் போனில் கூப்பிட்டார்.

"எல்லா ரூமுக்கும் உங்க மெத்தைதான் போடலாம்னு இருக்கோம். ஆனா 'சிங்கக்குட்டி தவசி'ங்கிற பேர்ல மெயில் வந்தா எங்க முதலாளி திறந்துகூடப் பார்க்க மாட்டார். கம்பெனி பேர்ல ஒரு மெயில் முகவரி வாங்கிக்குங்க."

கடை தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு ஆர்டர் வந்ததில்லை. மூவரும் கம்ப்யூட்டர் சென்டர் ரெஜினாவிடம் ஓடினார்கள். அவள் முகவரியை உருவாக்கி, பெரிய எழுத்தில் அச்சடித்தும் கொடுத்தாள்.

"இனிமே பழைய முகவரியை விட்டுடுங்கண்ணே. புதுசுக்கு மாறிடுங்க."

அன்றே கடையைக் காலி செய்தார்கள். மெத்தைகளை வண்டியில் ஏற்றிக் கட்டிய பிறகுதான், புது முகவரி எங்கே இருக்கிறது என்ற கேள்வி வந்தது.

சுருளிவேல் காகிதத்தை உற்றுப் பார்த்தார். "நம்ம கடைப் பேருக்கு முன்னாடி என்னடா வட்டம் போட்டிருக்கு?"

"வட்டத்துக்கு நடுவுல ஒரு எழுத்து நிக்குதுண்ணே," என்றார் மொக்கராசு.

"எழுத்து எதுக்குடா நடு ரோட்டுல நிக்கப் போவுது? அது ஆளு."

தவசிக்குப் புல்லரித்துவிட்டது. "ரவுண்டானா! நடுவுல டிராபிக் போலீஸ்!"

ரவுண்டானாவில் போலீஸ்காரரைச் சுற்றி மெத்தைகளை அடுக்கினார்கள். நான்கு பக்கமும் பஸ்கள் ஹாரன் அடித்தன.

"யாரைக் கேட்டுய்யா இங்க கடை போட்டீங்க?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? முகவரியிலயே உங்களைப் போட்டிருக்காங்க," என்று சுருளிவேல் காகிதத்தை நீட்டினார்.

போலீஸ்காரர் நெடுநேரம் பார்த்தார். இத்தனை வருஷமாக அங்கே நிற்கிறார், ஒருவரும் அவரை ஒரு முகவரியில் சேர்த்ததில்லை. ஒரு மெத்தைமேல் உட்கார்ந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் ஜீப் வந்த பிறகுதான் எழுந்தார்.

விஷயம் கேள்விப்பட்ட ரெஜினா தலையில் அடித்துக்கொண்டு வந்து, மெத்தைகளைப் பழைய கடைக்கே திருப்பினாள். மூவரையும் தன் சென்டருக்குக் கூட்டிப்போனாள்.

"ஓட்டல்லேருந்து மெயில் வந்திருக்கு. மாதிரி மெத்தையை இணைச்சு அனுப்பணுமாம். லேப்டாப் திறந்தே இருக்கு, இணைச்சு வைங்க. நான் சாப்பிட்டுட்டு வந்துடுறேன்."

அவள் திரும்பி வந்தபோது லேப்டாப்பைக் காணோம். மேஜைமேல் புது மெத்தை ஒன்று சற்றே புடைத்துக் கிடந்தது.

"லேப்டாப் எங்கண்ணே?"

"உள்ள இணைச்சாச்சும்மா. பெரிய இடமாச்சேன்னு இரட்டைத் தையல் போட்டிருக்கோம்," என்றார் சுருளிவேல், ஊசியைத் துடைத்துக்கொண்டே.

அந்த நேரம் பார்த்து மெத்தைக்குள்ளிருந்து 'டிங்' என்று சத்தம் வந்தது.

மூவர் முகமும் மலர்ந்தது.

"போய்ச் சேர்ந்துடுச்சு!" என்றார் மொக்கராசு.

தவசி குனிந்து மெத்தையில் காதை வைத்தார். பிறகு உதட்டில் விரல் வைத்து எல்லோரையும் அடக்கினார்.

"சத்தம் போடாதீங்க. மேனேஜர் படுத்துப் பாக்குறார்."