ஒற்றைக்கால் கொக்கும் ஓடு பிளந்த ஆமையும்

காட்டோரத்துக் குளம் ஒன்றில் பூங்காவனம் என்ற கொக்கு இருந்தது. அதற்கு ஒரு கால்தான் கால். இன்னொன்று வேடன் வைத்த கண்ணியில் சிக்கி, மூட்டு இறுகி, விரல் மடங்காமல் போய்விட்டது. அந்தக் காலை வயிற்றுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு நிற்கும். பார்ப்பவர்கள், "ஆகா, என்ன அழகாக நிற்கிறது கொக்கு!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எல்லாக் கொக்கும் அப்படித்தானே நிற்கும்?

மழைக்காலத்தில் பாதகமில்லை. கரையில் நின்றபடியே நாலு மீனைக் கொத்திவிடும். பங்குனி வந்து தண்ணீர் நடுக்குளத்துக்குச் சுருங்கிவிட்டால், சேற்றில் நடந்து போய்த்தான் பிடிக்க வேண்டும். பூங்காவனத்தால் நடக்க முடியாது; பறந்து போய் இறங்கினாலும் சேற்றில் ஒற்றைக் காலால் நிலைக்க முடியாது. அதனால் அந்தக் குளத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. இரை தேட முடியாதவர்களுக்குக் கோடை முழுவதும் நீர்நாய்கள் தினம் மீன் கொண்டுவந்து கொடுக்கும். அதற்குப் பங்கு மீன் என்று பெயர்.

பங்கு யாருக்கு என்று முடிவு செய்ய, பெரிய ஏரியிலிருந்து கூழைக்கடாப் பறவை ஒன்று வரும். பெயர் கொடுத்தவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கும், கேள்வி கேட்கும். போன வருஷம் பூங்காவனத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொக்குன்னா ஒத்தக் கால்லதானே நிக்கும்? சரி, ஒரு வருஷம் வாங்கிக்கோ. அடுத்த பங்குனிக்கு மறுபடி பார்க்கலாம்" என்று இழுத்தது.

அந்தப் பங்குனி வந்துவிட்டது. நாளைக்குக் கூழைக்கடா வரப்போகிறது. மூன்று நாளாகப் பூங்காவனத்துக்கு மீன் தொண்டையில் இறங்கவில்லை. பங்கு போய்விட்டால் கோடையில் பட்டினிதான். வேறு குளத்துக்குப் போகலாம் என்றால், தெரியாத சேற்றில் இறங்கி விழுந்தால் தூக்கிவிட யார் இருக்கிறார்கள்?

இந்தக் கவலையோடு எதிர்க்கரையைப் பார்த்தது. அங்கே மாசிலாமணி என்ற ஆமை படுத்துக் கிடந்தது. வண்டிச் சக்கரம் ஏறி அதன் ஓடு நடுவில் பிளந்திருந்தது. பிளவில் தண்ணீர் புகுந்தால் உயிர் போகிற வலி, அதனால் முங்கி இரை தேட முடியாது. அதுவும் பங்கு மீன் வாங்குகிற ஆமைதான். அதற்கும் நாளைக்குத்தான் விசாரணை. ஆனால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, பொழுது விடிந்ததிலிருந்து நிம்மதியாகத் தூங்குகிறது!

பூங்காவனத்துக்கு வயிறு எரிந்தது. 'அதுக்கென்ன? முதுகைத் திருப்பிக் காட்டினால் போதும். பார்த்தவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். ஓடு உடைந்தாலும் ஊரறிய உடைந்திருக்கிறது. எனக்கு வாய்த்த குறையைப் பார், அழகு என்கிறார்கள்!' அடுத்தவரின் காயத்தைப் பார்த்து ஏங்குகிற அளவுக்குப் பொறாமை கொண்டுபோய் விட்டது அதை.

அந்தச் சமயம் பார்த்துத் தவளை வந்தது. இரண்டு பேருக்கு நடுவில் பேச்சைத் தூக்கிக்கொண்டு போவதில் அதற்குத் தனி ருசி.

"என்னக்கா, முகம் வாடியிருக்கு?"

"ஒண்ணுமில்ல. சில பேருக்குத் தூக்கம் வருது, சில பேருக்கு வரல. அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

தவளை எதிர்க்கரையைப் பார்த்தது. புரிந்துவிட்டது. "ஆமாக்கா. அவ்வளவு கஷ்டப்படுறவருக்கு இப்படித் தூக்கம் வருமா? இதைக் கூழைக்கடா ஐயா காதுல போட்டு வைக்கட்டுமா?"

பூங்காவனம் அலகைத் திருப்பிக்கொண்டு, "உள்ளதைத்தானே சொல்லப் போற" என்றது.

மறுநாள் காலையில் கூழைக்கடா வந்து இறங்கியது. பதினேழு குளம் சுற்றிய களைப்பு அதன் தொங்கல் தாடையிலேயே தெரிந்தது. தவளை அதன் பக்கத்தில் போய் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தது.

முதல் ஆளாக ஆமையை நீர்நாய்கள் கூப்பிட்டன. அது நகரவில்லை. கூழைக்கடாவே பக்கத்தில் போய் ஓட்டை அலகால் தட்டியது.

"மாசிலாமணி, உனக்கு என்ன கஷ்டம்? சொல்லு."

தலை வெளியே வரவில்லை.

"எந்நேரமும் தூங்குறியாமே. நான் கேள்வி கேக்கும்போதும் தூக்கமா? ஓடு உடைஞ்சிருக்கு, சரி. ஆறிப்போன காயமோ என்னவோ. பேரை எடுத்துடலாம்."

அடுத்த முறைக்காக எதிர்க்கரைக்குப் பறந்து வந்து, பத்தடி தள்ளிக் கரைமேட்டில் நின்ற பூங்காவனம் அப்போதுதான் அதைக் கவனித்தது. ஆமை கிடந்த சேற்றுத் தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் விடாமல் கிளம்பிக்கொண்டிருந்தன. ஓடு நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் பூங்காவனத்துக்குத் தெரியாததா? அதன் சிறகுக்குள் செருகியிருந்த காலும் காலையிலிருந்து அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது.

'ஐயோ, இது தூங்கவே இல்லையே. நேற்றிலிருந்தே பயந்து ஒடுங்கிக் கிடந்திருக்கிறது. நான் நிற்பதைப் பார்த்து அவர்கள் நினைத்தது போலவே, இது கிடப்பதைப் பார்த்து நானும் நினைத்துவிட்டேனே!'

"தூங்கலைங்க ஐயா" என்றது பூங்காவனம். "பயத்துல உள்ள போயிருக்கு."

"அங்கே நின்னுக்கிட்டுப் பேசாதே. தெரிஞ்சா வந்து காட்டு."

பத்தடிதான். ஆனால் சேறு. போன வருஷம் கூழைக்கடாவுக்கு முன்னால் பூங்காவனம் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. நாலு பேருக்கு எதிரில் விழுந்து எழுவதா என்ற வீம்பில் சிலையாக நின்றுவிட்டது. இன்று அந்த வீம்பைப் பார்த்தால் ஆமையின் கோடை போய்விடும்.

செருகியிருந்த காலை வெளியே எடுத்து ஊன்றியது. இரண்டாவது அடியில் சரிந்தது. சிறகை அடித்து எழுந்தது. நாலாவது அடியில் முகம் குப்புற விழுந்தது. வெள்ளைச் சிறகெல்லாம் சேறாகி ஆமையின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது அதற்கு மூச்சு வாங்கியது.

"அண்ணே, நான் பக்கத்துலதான் இருக்கேன். வலிக்கிறதைச் சொல்லுங்க."

ஓட்டுக்குள்ளிருந்து தலை மெல்ல வந்தது. "தண்ணி பட்டா முதுகைக் கிழிக்கிற மாதிரி இருக்குங்க ஐயா. ஒண்ணரை வருஷமா முங்கினதே இல்ல" என்றது ஆமை.

கூழைக்கடா கேட்டுக்கொண்டது. பிறகு கொக்கைப் பார்த்தது. "போன வருஷம் ஜோரா நின்னியே?"

"நிக்க முடியும் ஐயா. நடக்கத்தான் முடியாது. அதை நீங்களும் கேக்கல, நானும் சொல்லல."

கூழைக்கடா தாடையை அசைத்தது. "ஆமைக்கு ரெண்டு வருஷம். கொக்குக்கு ஒரு வருஷம். கால் தேறுதான்னு அடுத்த பங்குனிக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

ஒரு கோடை தப்பியது. ஆனாலும் 'அதுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணா?' என்று பூங்காவனத்தின் வயிறு இன்னொரு முறை எரிந்தது. இந்த முறை அது அதை உள்ளே வைத்துக்கொள்ளவில்லை.

"அண்ணே, எனக்கு உங்க மேல பொறாமையா இருக்கு. நேத்தும் இருந்துச்சு. தவளை போய்ச் சொன்னது என் சம்மதத்தோடதான்."

ஆமை தலையை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டது. சேறு கொக்கின் சிறகில் காயத் தொடங்கிவிட்டது.

"எனக்கும் இருந்துச்சு" என்றது கடைசியில் ஆமை, தலையை வெளியே நீட்டி. "இவளுக்கென்ன, ஜம்முனு நிக்கிறா, றெக்கை வேற இருக்கு, எதுக்குப் பங்குன்னு நினைச்சேன். நீ விழுந்தப்பதான் தெரிஞ்சுது. அடுத்த பங்குனிக்கு எனக்கு விசாரணை இல்ல. ஆனாலும் வந்து உன் பக்கத்துல கிடக்கிறேன். உனக்கு வாய் வராட்டி நான் சொல்றேன்."

அன்று சாயங்காலம் நீர்நாய் கொண்டுவந்த மீன் பூங்காவனத்தின் தொண்டையில் தடையில்லாமல் இறங்கியது.

மற்றவர் படும் பாட்டைக் காணாமல் பொறாமைப்படுகிறவர், தன் பயத்தைச் சொல்லி ஆறுவதற்கு இருந்த ஒரே துணையையும் இழந்துவிடுவார்.