சத்தம் போடாத மோட்டார்

கீழ்க்கரட்டூர்க்காரர்களைப் போல நல்ல மனிதர்களைப் பார்ப்பது அரிது. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். சிக்கலே அங்கேதான். ஒருமுறை அந்த ஊர்க்காரர் ஒருவர் காய்ச்சலோடு டவுனுக்குப் போய் ஒரு டாக்டர் வீட்டு வாசலில் நின்றார். ‘செருப்பை வெளியே விடவும்’ என்று எழுதியிருந்தது. அவரோ வெறுங்காலோடு வந்தவர். பேசாமல் ஊருக்குத் திரும்பி, பக்கத்து வீட்டில் செருப்பை இரவல் வாங்கி, மறுபடி டவுனுக்குப் போய், அதை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். அதற்குள் காய்ச்சல் தானாகவே இறங்கியிருந்தது. நல்ல டாக்டர் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஊர் ரொட்டிக்காரன் பவுன்ராஜ். சைக்கிள் கேரியரில் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பன்னும் வர்க்கியும் விற்பான். கரட்டு மேட்டின் உச்சியில் இருக்கிற மேல்க்கரட்டூரிலிருந்து செவந்தி என்ற பெண் வாராவாரம் சந்தைக்கு இறங்கி வருவாள். அவனிடம் ஒரு பன் வாங்கிப் பிட்டுப் பார்த்து, “நேத்துப் பன்னு” என்பாள். அது நேற்றைய பன்னாகத்தான் இருக்கும். இப்படி உண்மை பேசுகிற பெண்ணைப் பவுன்ராஜ் அதுவரை கண்டதில்லை. மனசைப் பறிகொடுத்துவிட்டான்.

மேல்க்கரட்டூரில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டு வருகிற மாப்பிள்ளை மேட்டின் அடியிலிருந்து பெண்வீட்டு வாசல்வரை வண்டியிலேயே வர வேண்டும். வழியில் கால் தரையில் படக்கூடாது. வாசலில் நின்று தன் பேரைத் தன் வாயாலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். முன்னெல்லாம் மாட்டு வண்டியில் வந்தார்கள், இப்போது பைக்கில் வருகிறார்கள். பவுன்ராஜிடம் இருந்தது சைக்கிள்.

முதல் தடவை போனபோது எப்படியோ திக்கித் திணறி மிதித்து ஏறிவிட்டான். ஆனால் வாசலுக்கு வந்தபோது பேச வாயில் காற்றில்லை. செவந்தியின் அப்பா குருவையா, “பேரென்னப்பா?” என்று கேட்டார்.

“ப… ப…” என்றான் பவுன்ராஜ்.

“பேரே பாதிதான் வச்சிருக்காங்க போல” என்று குருவையா உள்ளே போய்விட்டார். அத்தோடு விட்டுப்போயிருக்கும். செவந்திதான், “இன்னொருக்கா வரட்டுமேப்பா, மீதிப் பேரையும் கேட்ருவோம்” என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் வரச் சொன்னார் குருவையா. அன்றைக்கும் முடியவில்லையென்றால், பக்கத்து ஊரில் டிராக்டர் வைத்திருக்கிற பையன் ஒருவன் தயாராக இருந்தான்.

பவுன்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை. தன் சிநேகிதர்கள் மூன்று பேரையும் கூட்டி வைத்து அழாக்குறையாகச் சொன்னான். அவர்களில் காத்தமுத்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன், அதனால் மூவருக்கும் மூளை. சங்கிலி கிணறு வெட்டுகிறவன், அதனால் மூவருக்கும் உடம்பு. ஒச்சப்பனுக்கு எதிலும் சந்தேகம். அது மூவருக்கும் போக மிச்சமிருந்தது.

“சைக்கிளுக்கே மோட்டார் மாட்டுறாங்களாம்டா” என்றான் காத்தமுத்து. “பெடல் சுத்துற நடு அச்சைக் கழட்டிட்டு அந்த ஓட்டையிலேயே மோட்டாரைச் சொருகிரணும். நீ சும்மா மிதிச்சாப் போதும், மிச்சத்த அது பாத்துக்கும்.”

டவுனுக்குப் போய் வாங்கிவந்தார்கள். கடைக்காரர் நல்ல மனுஷன். “சத்தமே போடாதுங்க, ஓடுதான்னே தெரியாது. பெட்டிக்குள்ள இருக்கிற தாள்ல போட்டிருக்கிறத மட்டும் ஒரு எழுத்து மாறாமச் செய்ங்க” என்றார். ஒரு எழுத்து மாறாமல் என்று வேறு எந்த ஊர்க்காரனிடம் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை.

பவுன்ராஜின் வீட்டு முற்றத்தில் வேலை தொடங்கியது. காத்தமுத்து வாசிக்க, மற்றவர்கள் செய்தார்கள். பழைய அச்சைக் கழற்றச் சொல்லியிருந்தது, கழற்றினார்கள். மோட்டாரைச் சொருகி நட்டை இறுக்கச் சொல்லியிருந்தது, சங்கிலி இறுக்கிய இறுக்கில் சைக்கிளே முனகியது. அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்ததில் பவுன்ராஜுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அடுத்து, “இடது பெடலை எதிர்த் திசையில் திருகி இறுக்கவும்” என்று வாசித்தான் காத்தமுத்து.

“எதிர்த் திசைன்னா எந்தத் திசைக்கு எதிரு?” என்றான் ஒச்சப்பன்.

நியாயமான கேள்விதான். மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். சைக்கிள் கிழக்கே பார்த்து நின்றது. ஆகவே எதிர்த் திசை மேற்கு என்று முடிவாயிற்று. சைக்கிளைத் தூக்கி மேற்கே பார்த்து நிறுத்திவிட்டு, எப்போதும் திருகுகிற மாதிரியே சங்கிலி திருகினான். திருகத் திருகப் பெடல் வெளியே வந்துகொண்டிருந்தது.

“வெளிய வருதே மாப்ள” என்றான் பவுன்ராஜ்.

“உள்ள நெறஞ்சு போச்சு, அதான் வெளிய தள்ளுது” என்றான் சங்கிலி. “இதுக்கு மேல இறுக்குனா இரும்பு தாங்காது.” பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று பெடலைத் தேங்காய்நாரில் திரித்த கொச்சக்கயிற்றால் கட்டிவைத்தான்.

அன்று சாயங்காலம் பேட்டரியைச் சார்ஜில் போட்டார்கள். ‘சார்ஜ் ஆகும்போது பேட்டரியைத் தனியாக விட்டுச் செல்லாதீர்கள்’ என்று தாளில் இருந்தது. நால்வருக்கும் மனசு இளகிப்போயிற்று. புது இடம், தெரியாத முகங்கள், அதற்குப் பயமாகத்தானே இருக்கும். சுற்றி உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்கள். சங்கிலி தான் வெட்டிய கிணறுகளைப் பற்றியெல்லாம் சொன்னான். சாப்பிடப் போகிற நேரம் வந்தபோது யார் இருப்பது என்று தகராறு. கடைசியில் பவுன்ராஜ் டார்ச் லைட்டிலிருந்து ஒரு பழைய பேட்டரிக் கட்டையைக் கழற்றிப் பேட்டரியின் பக்கத்தில் வைத்தான்.

“சொந்தக்காரன் கூட இருந்தா நம்மளத் தேடாது” என்றான். காத்தமுத்துவுக்கே இது தோன்றவில்லையே என்று எல்லோருக்கும் ஆச்சரியம்.

திரும்பி வந்து பார்த்தபோது பேட்டரியின் நெற்றியில் பச்சைப் பொட்டுகள் நாலும் எரிந்தன. அதைச் சைக்கிளில் மாட்டி, ஸ்டாண்டில் நிறுத்தி, பட்டனைத் தட்டினான் பவுன்ராஜ். பின்சக்கரம் தானாகச் சுற்றியது. சத்தமே இல்லை. கடைக்காரர் சொன்னது அத்தனையும் உண்மை. சுற்றுகிற சக்கரத்துக்கு நடுவே அவனுக்குச் செவந்தியின் முகம் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. இனி எந்த டிராக்டரும் தன்னை ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தான். உண்மையிலேயே செய்திருக்க முடியாதுதான். ஆனால் தாளில் இன்னும் கொஞ்சம் வாசிக்க மிச்சமிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வண்டிக்குச் சந்தனம் வைத்தார்கள். புது வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும்.

“சைக்கிள் பழசு. மோட்டார்தானே புதுசு?” என்றான் ஒச்சப்பன். “பழத்த மோட்டாருக்கடியிலதான வைக்கணும்.”

மோட்டார் தரையில் படவில்லை. செங்கல்லை அடுக்கி, மேலே பழத்தை வைத்து, சங்கிலி சைக்கிளின் மேல் ஏறிக் குதித்தான். செங்கல் உடைந்தது. பழம் உருண்டு போய் நின்றது. பழத்துக்குப் பதிலாகச் செங்கல் உடைந்தது இன்னும் நல்ல சகுனம் என்று காத்தமுத்து சொன்னதும்தான் பவுன்ராஜுக்கு உயிர் வந்தது.

புறப்படுகிற நேரத்தில் காத்தமுத்து கடைசியாக ஒரு தடவை தாளைப் பார்த்தான். “பேட்டரியை வெயிலும் ஈரமும் படாத இடத்தில் பத்திரமாக வைக்கவும்” என்று வாசித்தான். நால்வரும் அண்ணாந்து பார்த்தார்கள். சுள்ளென்று வெயில்.

“நல்லவேளை பாத்த” என்றான் சங்கிலி. பேட்டரியைக் கழற்றி, துண்டில் சுற்றி, அடுப்படியில் அரிசி அண்டாவுக்குள் புதைத்து மூடிவைத்தார்கள். வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

ஒச்சப்பனுக்குச் சந்தேகம் வந்தது. “பேட்டரி இல்லாம மோட்டார் ஓடுமா?”

காத்தமுத்து அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். “நேத்துச் சாயங்காலம் சார்ஜ் ஏத்துனமா இல்லையா?”

“ஏத்துனோம்.”

“வயித்துக்குச் சாப்ட்டவன் சோத்துப் பானையத் தலையில தூக்கிக்கிட்டா வேலைக்குப் போறான்?”

ஒச்சப்பன் போய் அண்டாவின் மூடியை இன்னொரு தடவை அழுத்தி மூடிவிட்டு வந்தான். 

ஊர்ச்சாலை சமதளம். பவுன்ராஜ் மிதித்தான், வண்டி போயிற்று. சிநேகிதர்கள் பக்கத்தில் ஓடிவந்தார்கள். “மோட்டார் ஓடுதா?” என்று கேட்டான் ஒச்சப்பன். பவுன்ராஜ் காதைக் கொடுத்துக் கேட்டான். ஒரு சத்தமும் இல்லை. “ஓடுது ஓடுது” என்றான் சந்தோஷமாக.

மேடு தொடங்கியது. ஏறத் தொடங்கியதும் வண்டி கனத்தது. பவுன்ராஜ் எழுந்து நின்று மிதித்தான். கொச்சக்கயிறு அறுந்தது. இடது பெடல் கழன்று, வந்த வழியே ஊரைப் பார்க்க உருண்டு போயிற்று. சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் கால் தரையைத் தேடியது.

“கால ஊனாத!” என்று மூவரும் அலறிக்கொண்டு வந்து, ஆளையும் சைக்கிளையும் சேர்த்துப் பிடித்தார்கள்.

பவுன்ராஜுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. ஒரு விரற்கடை தூரத்தில் செவந்தி கைவிட்டுப் போகப் பார்த்தாள். மேலே பார்த்தான். மேடு அப்படியே இருந்தது. கீழே இறங்கவும் முடியாது, மேலே போகவும் முடியாது. “அவ்ளோதான்டா” என்றான். “டிராக்டர்க்காரன் குடுத்து வச்சவன்.”

காத்தமுத்து ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மடியிலிருந்த தாளை எடுத்து உதறினான். “இரு மாப்ள, இதுக்கும் போட்டிருக்கான். செங்குத்தான மேட்டில் ஏறும்போது மோட்டாருக்கு உதவுங்கள்.”

“யாரு உதவணும்?” என்றான் ஒச்சப்பன்.

“பேர் போடலையே. அப்ப எல்லாரும்தான்.”

அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. காத்தமுத்து முன்சக்கரத்தைத் தூக்கினான். சங்கிலி பின்சக்கரத்தைத் தூக்கினான். நடுவில் மோட்டாருக்குத்தானே உதவி தேவை, அதை ஒச்சப்பன் தோளில் ஏற்றிக்கொண்டான். மேலே உட்கார்ந்திருந்த பவுன்ராஜ், மோட்டாரை முழுக்கத் தனியாக விடக்கூடாது என்று, மிச்சமிருந்த வலது பெடலை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தான். வளைவு வந்த இடத்தில் பெல் அடித்தான். பேர் மறந்துவிடாமல் இருக்க நடுநடுவே சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மேல்க்கரட்டூரே வாசலில் திரண்டு நின்றது. செவந்தி தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். சைக்கிள் அந்தரத்தில் வந்து வாசலில் இறங்கியது.

குருவையா சுற்றிவந்து பார்த்தார். குனிந்து பவுன்ராஜின் உள்ளங்கால் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். மண் ஒட்டவில்லை. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். சீராக அடித்தது. “பேரென்னப்பா?” என்றார்.

“பவுன்ராஜ்” என்றான் அவன், கணீரென்று.

“முழுசாத்தான் வச்சிருக்காங்கப்பா” என்றாள் செவந்தி. குருவையாவின் முகம் மலர்ந்தது. அப்போதுதான் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் நடுவிலும் நாக்குத் தள்ளிக் கிடந்த மூன்று பேரையும் கவனித்தார்.

“இது என்ன இப்பிடி இரைக்குது?”

“மேடு ஏறுனதும் மோட்டார ஆற விடணும்னு தாள்ல போட்டிருக்கு மாமா” என்றான் பவுன்ராஜ். செவந்தி குடத்துத் தண்ணீரை மூன்று பேர் தலையிலும் பங்கு பிரித்து ஊற்றினாள்.

அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. டிராக்டர்க்காரன் வந்து மொய் வைத்துவிட்டுப் போனான்.

கீழ்க்கரட்டூருக்கு வந்து செவந்தி முதல் உலை வைத்த அன்று, குருவையாவும் மேல்க்கரட்டூர்ப் பெரிய மனிதர்களும் விருந்துக்கு வந்திருந்தார்கள். அரிசி அளக்க அண்டாவுக்குள் கையை விட்ட செவந்தியின் கையில் துண்டு தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தாள். பேட்டரியை எடுத்து முற்றத்துக்குக் கொண்டுவந்து பொத்தானை அமுக்கினாள். பச்சைப் பொட்டுகள் நாலும் பளிச்சென்று எரிந்தன.



“அம்புட்டு மேடு ஏறியும் ஒரு பொட்டுக்கூடக் குறையலையே” என்றார் குருவையா, தோள்துண்டை எடுத்துப் பயபக்தியோடு இடுப்பில் கட்டிக்கொண்டு.

இப்போது மேல்க்கரட்டூரில் வீட்டுக்கு வீடு மோட்டார் மாட்டிய சைக்கிள்தான். காலையில் ஒவ்வொரு வீட்டிலும் பேட்டரியை அரிசி அண்டாவில் பத்திரமாக வைத்துவிட்டு மேட்டிலிருந்து இறங்கிப் போகிறார்கள், திரும்பும்போது சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வருகிறார்கள். வாங்கிய நாளிலிருந்து ஒருவர்கூட இரண்டாம் தடவை சார்ஜ் போடவில்லை.