வரைபடத்துக் குளத்தில் ஒரு தோணி

சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறவனுக்கும் வாய் இருக்கும் என்று எந்த அதிகாரி நினைக்கிறார்? ஆவாரங்குளம் நில அளவைத் திட்டத்தின் அதிகாரி தெய்வசிகாமணியும் நினைக்கவில்லை.

குளத்தங்கரைத் தெருவில் நாற்பது வீடுகள். மூன்று தலைமுறையாக அடுப்பெரிகிற வீடுகள். பக்கத்து ஆலைக்காரருக்கு அந்த இடத்தின் மேல் கண்; தெய்வசிகாமணி அவர் பக்கம். வரைபடத்தில் குளம் என்று காட்டிவிட்டால், ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடித்துவிடலாம். எவ்வளவு சுலபம்!

"டேய் வெயிலுகந்தான், தெரு முழுக்கத் தண்ணின்னு வரை. நாளைக்குக் கலெக்டரம்மா வர்றாங்க."

சங்கிலி பிடிக்கிற ஐம்பது வயது ஆளை 'டேய்' என்றார் தெய்வசிகாமணி.

"வரைஞ்சிடலாம் ஐயா. ஆழம் எவ்வளவு போடட்டும்?"

"பன்னிரண்டடி போடு, போ!" வரைந்து வந்த படத்தில் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் கலெக்டர் வந்தார். "அளவு தொடங்கின கல்லைக் காட்டுங்க," என்றார். கல் தெருவின் மறுகோடியில் இருந்தது. நாலு பேர் ஒரு தோணியைத் தூக்கி வந்து தெருமுனையில் இறக்கினார்கள்.

"ஏறுங்கம்மா," என்றான் வெயிலுகந்தான். "நடுவுல பன்னிரண்டடித் தண்ணி."

தெய்வசிகாமணிக்கு ஆத்திரம் பொங்கியது. "கிறுக்குப் பயலே! கட்டாந்தரையில எதுக்குடா தோணி? நாற்பது வீட்டைத் தாண்டி நடந்தா கல்லு!"

கலெக்டர் படத்தை விரித்தார். "நாற்பது வீடா? நீங்க கையெழுத்துப் போட்ட படத்தில ஒண்ணுகூட இல்லையே?"

படத்தைக் குறுக்கே கிழித்தார் கலெக்டர். "இப்பவே, என் கண்முன்னால மறுபடி அளங்க."

வெயிலுகந்தான் சங்கிலியின் மறுமுனையை அதிகாரியிடம் நீட்டினான்.

"பிடிங்க ஐயா. முங்கிடாம நடந்து வாங்க."