வால்வெள்ளிக்குப் பனையடி வீட்டுப் பேர் வந்த கதை

அந்தக் காலத்தில் காக்கைக்குப் பேச்சு இருந்தது, வானத்து வெள்ளிகளுக்கும் இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வெள்ளி "என்ன?" என்று கேட்கும். எதற்குப் பேர் வைத்தாலும் அரண்மனைக் காக்கை கோட்டைச் சுவரில் உட்கார்ந்து அதைக் கூவும். பேருக்கு உரியது ஒரு தடவை "என்ன?" என்று கேட்டுவிட்டால் போதும், அப்புறம் அந்தப் பேரை அரசனாலும் மாற்ற முடியாது. அது அந்த ஊர் வழக்கம்.

பனையடி என்று ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர், நல்லக்காளின் அப்பா, பொழுது சாய்ந்தால் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வருஷம் வால்வெள்ளி வந்தது. ஊரே நடுங்கியது.

"பயப்படாதீங்க. நம்ம தாத்தன் காலத்துல வந்த அதே வெள்ளிதான். சுத்திட்டு வருது. என் மக தலை நரைக்கும்போது மறுபடியும் வரும்" என்றார் அவர்.

உண்மையைச் சொன்ன வாய்க்கு என்ன கிடைத்தது தெரியுமா? அந்த வருஷம் மழை பொய்த்தது. "இவன் பார்த்துப் பார்த்துத்தான் அது வந்தது" என்று அரசன் அவரையும் இடுப்பில் இருந்த குழந்தையையும் ஊரைவிட்டுத் துரத்தினான். அதோடு விட்டானா? வால்வெள்ளிக்கே பனையடி என்று பேர் வைக்கச் சொன்னான். பார்க்கிறவர்கள் எல்லாம் அந்த வீட்டுப் பேரைச் சொல்லித் துப்ப வேண்டுமாம். காக்கை கூவியது. பாவம், மேலே போய்க்கொண்டிருந்த வெள்ளி "என்ன?" என்று கேட்டது.

அப்புறம் பால் திரிந்தால் பனையடி, மாடு செத்தால் பனையடி. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த நல்லக்காள் சந்தைக்குப் போனால் வீட்டுப் பேரைச் சொல்ல முடியாது. சொன்னால் ஒரு வாய் மோர்கூடக் கொடுக்க மாட்டார்கள். அப்பா செத்தபோது தூக்க நாலு பேர் வரவில்லை. அவளே குழி வெட்டினாள். அன்றைக்கு அவள் வயிற்றில் பற்றிய நெருப்பு அணையவே இல்லை.

தலை நரைத்தது. அப்பா சொல்லிவிட்டுப் போன வருஷத்தில் நல்லக்காள் பழைய ஊருக்கு வந்தாள். பொழுது சாய்ந்ததும் மேற்கே வால்வெள்ளி தெரிந்தது. அந்த வருஷம் பார்த்து நல்ல மழை, களம் கொள்ளாத நெல். ஜனங்கள் துப்பவில்லை, பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக் காட்டினார்கள். பழைய அரசனின் மகன்தான் இப்போது அரசன். அவன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தான்.

"இவ்வளவு அழகான வெள்ளிக்கு என் பேரைக் கூவு" என்றான் காக்கையிடம்.

நல்லக்காள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"கேடுன்னு சொன்னப்ப எங்க வீட்டுப் பேர். நல்லதுன்னு ஆனதும் உன் பேரா? உனக்கு வெட்கமா இல்ல?"

"யாரடி நீ?"

"பனையடி வீட்டுக்காரி."

கூட்டம் சட்டென்று விலகியது. அரசன் சிரித்தான். "உங்க மேல இருந்த பழியைத்தானே எடுக்கிறேன். உனக்கு நல்லதுதானே?"

"துப்பினது உன் அப்பன். இப்ப அந்தப் பேரை எடுக்க நீ யாரு?"

காக்கை அரசன் பேரைத் தொண்டை கிழியக் கூவியது. வெள்ளி கண்டுகொள்ளவே இல்லை. நல்லக்காள் அண்ணாந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து வாய்க்குள் அடக்கி வைத்திருந்த பேரை ஊர் அதிரக் கூப்பிட்டாள்.

"பனையடி!"

"என்ன?" என்றது வெள்ளி. "என் வழியைக் கண்டுபிடிச்சவர் வீட்டுப் பேருன்னுதானே ஏத்துக்கிட்டேன். அவர் எங்கே?"

"செத்துட்டார். உன்னால இல்ல, இவங்களால."

"எங்கள்ல எதோட வழியை யார் கண்டு சொன்னாலும், அவங்க வீட்டுப் பேர்தான் இனி அதுக்குப் பேர். ராஜா பேர் எங்களுக்கு வேண்டாம். உங்களோட பேச்சும் வேண்டாம்" என்றது வெள்ளி.

அன்றைக்கு மூடிய வாயை வெள்ளிகள் இன்னும் திறக்கவில்லை. வால்வெள்ளியைக் கண்டு சொன்னவரின் குடும்பப் பேரையே அதற்கு வைக்கிற வழக்கமும் அன்றைக்குப் பிடித்ததுதான். ஆனால் நல்லக்காளின் அப்பாவுக்கு என்று சொந்தமாக ஒரு பேர் இருந்ததே, அதை மட்டும் இன்றுவரை ஒரு பயலும் கேட்கவில்லை.