பதினோராவது கறை

ஆண்ட்வெர்ப், பெல்ஜியத்தில் வைரம் பட்டை தீட்டும் ஊர். அங்கே நப்தாலி என்று ஒரு யூத வியாபாரி இருந்தார். அறுபத்தாறு வயதில் தொழிலை மகன்கள் கையில் கொடுத்துவிட்டு ஒரு குருவைத் தேடிக்கொண்டார். குருவின் பெயர் ரபி கல்மன், வயது நாற்பத்தொன்று. ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் வேத பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

சிஷ்யருக்குக் குருவைவிட இருபத்தைந்து வயது அதிகம். அதில் இருவருக்கும் சங்கடம் இல்லை. மாடிப்படிதான் செங்குத்து. மேலே வந்து சேர்ந்ததும் நப்தாலியால் ஐந்து நிமிஷம் பேச முடியாது. அந்த ஐந்து நிமிஷம் ரபிக்குப் பிடித்திருந்தது.

நப்தாலிக்கு ஏலப் பித்து. லண்டனோ ஆம்ஸ்டர்டாமோ, பழைய எபிரேயப் புத்தகம் ஏலத்துக்கு வருகிறது என்று காதில் விழுந்தால் போதும், பெட்டியைக் கட்டிவிடுவார். கையால் எழுதிய பிரார்த்தனைப் புத்தகங்கள், வண்ணம் தீட்டிய கல்யாணப் பத்திரங்கள், வெள்ளி விளக்குகள் எல்லாம் வீட்டில் ஒரு தனி அறையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. அவருக்கு ஏழு பேரப்பிள்ளைகள். ஏழு பேருக்கும் அந்த அறை வாசலோடு சரி.

ஒருநாள் ரபியை அந்த அறைக்கு அழைத்துப் போனார்.

ரபி ஒரு வெள்ளிச் சிமிழைக் கையில் எடுத்தார். சின்னக் கோபுரம் போல இருந்தது. ஓய்வுநாள் முடியும் நேரத்தில் கிராம்பும் பட்டையும் போட்டு, வீட்டில் எல்லோரும் முகர்ந்து பார்ப்பதற்கான சிமிழ். ரபி அதன் குட்டிக் கதவைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார்.

"வாசனையே இல்லையே."

"கிராம்பு பட்டால் வெள்ளி கறுத்துவிடும், ரபி."

"ஓ" என்றார் ரபி. கதவைச் சாத்தி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

நப்தாலி வெகுநாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"சிறைப்பட்டவரை மீட்பதுதான் புண்ணியத்திலெல்லாம் பெரிய புண்ணியம் என்கிறது நம் சட்டம்."

"ஆமாம்."

"இந்தப் புத்தகங்களும் சிறைப்பட்டவைதான். போரில் கொள்ளை போய் யார் யார் கையிலோ கிடந்தவை. நான் மீட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். இது மீட்பு ஆகுமா, ஆகாதா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

அந்த ஒரு வார்த்தை அவருக்கு வேண்டியிருந்தது. பதினாலு வயதில் ஒரு பண்ணையாரின் வைக்கோல் பரணில் ஒளிந்து உயிர் தப்பியவர் அவர். அப்பா அம்மா அக்கா மூவரையும் நாஜிகள் ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. தன்னை மட்டும் விட்டுவைத்ததற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும், அது இந்தப் புத்தகங்கள்தான் என்று அவர் தீர்மானித்து வைத்திருந்தார். அதைக் குருவின் வாயால் கேட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

"பாஸ்கா வரட்டும்" என்றார் ரபி.

பாஸ்கா பண்டிகைக்கு அப்போது மூன்று மாதம் இருந்தது.

அந்த மாதமே ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஏலம். பாஸ்கா இரவில் குடும்பமாக உட்கார்ந்து வாசிக்கும் புத்தகத்துக்கு ஹகாதா என்று பெயர். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்த கதை. ஏலத்துக்கு வந்த ஹகாதா, இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஒருவர் கையால் எழுதிப் படம் வரைந்தது. முதல் பக்கத்தில் இரண்டு சிங்கங்கள். இடதுபக்கச் சிங்கத்துக்கு மாறுகண்.

ஏலக் கூடத்தில் நப்தாலி கையைத் தூக்க மாட்டார். மூக்கில் கண்ணாடி இருக்கும்வரை அவர் கேட்கிறார் என்று பொருள். கழற்றினால் விட்டுவிட்டார் என்று பொருள். ஏலம் விடுபவருக்கும் அவருக்கும் அப்படி ஒரு ஏற்பாடு. அன்று நியூயார்க்கிலிருந்து ஒருவர் தொலைபேசியில் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார். நப்தாலி கண்ணாடியைக் கழற்றவே இல்லை. வியர்வை கண்ணில் இறங்கியபோதுகூட அதன் அடியில் விரலை விட்டுத்தான் துடைத்துக்கொண்டார். சுத்தியல் விழுந்தது, புத்தகம் அவருடையதாயிற்று.

ஏலப் பட்டியலில் அந்தப் புத்தகத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறை போட்டிருந்தது: 'ஒரு பக்கத்தில் கறைகள் உண்டு.'

குறை என்று எழுதியதை வீட்டில் வைத்திருக்க நப்தாலிக்கு மனசு வராது. பழைய காகிதங்களைச் செப்பனிடும் லீவா என்ற பெண்மணியிடம் கொண்டுபோனார். அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"ஒயின் கறை. எடுக்கலாம். ஆனால் எடுக்கத்தான் வேண்டுமா என்று யோசித்துச் சொல்லுங்கள். எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது."

"கறையை யார் திரும்ப வைக்கச் சொல்லப்போகிறார்கள்? எடுங்கள்" என்றார் நப்தாலி.

மூன்று வாரத்தில் பக்கம் பளிச்சென்று வந்தது. கூடவே ஓர் உறை. கழுவுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக் கொடுப்பது அவர்கள் தொழிலில் வழக்கம். நப்தாலி உறையைப் பிரிக்காமலே மேஜை இழுப்பறையில் போட்டார்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். ரபி ஐந்து நிமிஷம் காத்திருந்துவிட்டு, கைகழுவித் துடைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினார். சிங்கத்தின் மாறுகண்ணைப் பார்த்துச் சிரித்தார். வாதைகள் பக்கம் வந்ததும் நின்றார்.

எகிப்தின் மேல் இறங்கிய பத்து வாதைகளை அந்தப் பக்கம் வரிசையாகச் சொல்கிறது. இரத்தம், தவளை, பேன் என்று ஒவ்வொன்றின் பேரைச் சொல்லும்போதும் கோப்பைக்குள் விரலை நனைத்து ஒரு சொட்டு ஒயினை வெளியே சிந்துவார்கள். பகைவனே ஆனாலும் ஒருவன் துடித்திருக்கும்போது நம் கோப்பை நிறைந்திருக்கக் கூடாது என்பதற்காக. சொட்டு தட்டில் விழ வேண்டும். பாதி புத்தகத்தில்தான் விழும்.

"இந்தப் புத்தகத்தை வைத்திருந்தவர்கள் பாஸ்கா கொண்டாடவே இல்லையா?" என்று கேட்டார் ரபி.

நப்தாலிக்குப் பெருமை தாங்கவில்லை. "கொண்டாடியிருக்கிறார்கள், ரபி. கறை இருந்தது. எடுத்தாகிவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் தெரியாது."

"ஓ" என்றார் ரபி.

பாஸ்காவுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஏல நிறுவனத்தின் மூலமாக நப்தாலிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஃப்ருமா என்ற அறுபது வயதுப் பெண்.

'ஐயா, பழைய ஏலப் பட்டியல் ஒன்றை நூலகத்தில் பார்த்தேன். மாறுகண் சிங்கத்தை அடையாளம் தெரிந்தது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஹகாதா இருந்தது. அதே கை வேறு புத்தகங்களிலும் அதே சிங்கத்தை வரைந்திருக்கலாம். ஆகையால் கேட்கிறேன். வாதைகள் பக்கத்தைப் பாருங்கள். அப்பா விரலால் சிந்திய கறைகள் பத்து, எல்லாம் சின்னவை. பதினோராவது பெரிது. என் தம்பி யோசல் கோப்பையைத் தட்டிவிட்டதால் வந்தது. பூட்ஸ் போல இருக்கும். அவனுக்கு அப்போது ஐந்து வயது. அதற்கு மேல் வயதாகவில்லை. அவனுடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. புத்தகத்தை நான் கேட்கவில்லை. அந்தக் கறை இருக்கிறதா என்று மட்டும் எழுதுங்கள்.'

நப்தாலி இழுப்பறையைத் திறந்து உறையைப் பிரித்தார். முதல் படத்தில் பத்துக் கறைகள் சின்னதாக இருந்தன. அவற்றின் கீழே குதிகால் வைத்த ஒரு குட்டி பூட்ஸ்.



மறுநாள் கடிதத்தையும் படத்தையும் கொண்டுபோய் ரபியின் முன்னால் வைத்தார். ரபி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ரபி, ஒரு சந்தேகம்."

"கேளுங்கள்."

"புத்தகத்தில் அப்படி ஒரு கறை இல்லை என்று எழுதினால் அது பொய்யாகுமா?"

"இல்லை. புத்தகத்தில் கறை இல்லைதானே."

"இருந்தது என்று எழுதினால் புத்தகம் அவளுடையது. வைத்துக்கொள்ள எனக்கு மனசு இடம் தராது. அதுகூடப் போகட்டும். அழித்தது நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்."

ரபி ஒரு தாளும் பேனாவும் எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"எழுதுங்கள். தபாலில் நான் சேர்த்துவிடுகிறேன்."

நப்தாலி எழுதினார். 'அம்மா, என்னிடம் உள்ள புத்தகத்தில் கறை எதுவும் இல்லை.' ஒரே வரி. ரபி வாங்கிப் பார்த்தார்.

"உண்மைதான். கையெழுத்துப் போடுங்கள்."

நப்தாலி பேனா முனையைத் தாளில் வைத்தார்.

"வியாபாரக் கையெழுத்து வேண்டாம். அவள் நம் பெண். நம் வழக்கப்படி போடுங்கள்."

யூதர்களின் வழக்கமும் நம் இனிஷியல் மாதிரிதான், தகப்பன் பேர் இல்லாமல் மகன் பேர் முழுமையாகாது. ஆனால் அவர்கள் ஒற்றை எழுத்தோடு விட மாட்டார்கள், முழுப் பேரையும் எழுத வேண்டும். நப்தாலி தன் பெயரை எழுதி, 'மகன்' என்பதற்கான சொல்லையும் எழுதினார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அப்பாவின் பெயரை எழுதி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அவருடைய படமும் ஒன்றுகூட இவரிடம் இல்லை.

கீழே கடையில் ரொட்டி வேகும் வாசனை மேலே வந்தது.

நப்தாலி தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பிரஸ்ஸல்ஸுக்கு எத்தனை மணிக்கு ரயில்?" என்று கேட்டார்.

"ஒரு மணிக்கு ஒன்று இருக்கிறது. படத்தை மறந்துவிடாதீர்கள்" என்றார் ரபி.

அடுத்த வாரம் நப்தாலி வந்தார். புத்தகம் அவர் கையிலேயே இருந்தது. மூச்சு வாங்கி முடித்ததும் அதை ரபியின் முன்னால் வைத்தார். ரபிதான் ஆரம்பித்தார்.

"பார்த்தீர்களா?"

"பார்த்தேன். புத்தகத்தை அவள் கையில் கொடுத்தேன். வாதைகள் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளையாக இருந்தது. 'இது இல்லை, சிரமம் கொடுத்துவிட்டேன்' என்று சொல்லி மூடிவிட்டாள். அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம்."

"வரவில்லை."

"படத்தை எடுத்து வைத்தேன். ஒவ்வொரு கறையாக விரல் வைத்து எண்ணினாள். பூட்ஸ் வந்ததும் சிரித்துவிட்டாள், ரபி. அழுவாள் என்று நினைத்தேன். அன்றைக்கு அவள் அப்பா திட்டவே இல்லையாம். 'எகிப்துக்குப் பத்து வாதை போதாது என்று யோசல் பதினொன்றாக்கிவிட்டான்' என்றாராம். அம்பது வருஷமாக அதைச் சொல்லிச் சிரிக்க ஒரு ஆள் கிடைக்கவில்லை என்றாள்."

"அப்புறம்?"

"யார் கழுவினார்கள் என்று கேட்டாள். நான்தான் என்றேன். எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். பிறகு எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். குடிக்க முடியவில்லை."

"புத்தகம்?"

"எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். படத்தை வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். 'இதில் யோசல் இல்லை' என்றாள்."

அறுபத்தாறு வயது மனிதர், குருவின் முன்னால் அழுதார். ரபி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் அழுது முடிக்கும்வரை ஜன்னலோரம் நின்றார்.

"ரபி, அன்றைக்குக் கேட்ட கேள்வியை நான் இனிக் கேட்க மாட்டேன். இது மீட்பு இல்லை. அது எனக்கே தெரிகிறது. இதை என்ன செய்வது? கண்ணாடிக்குப் பின்னால் இனி வைக்க முடியாது. விற்கவும் முடியாது. அதை மட்டும் சொல்லுங்கள்."

ரபி புத்தகத்தைத் திறந்தார். வாதைகள் பக்கத்தைக் கையால் ஒருமுறை தடவினார்.

"உங்கள் பேரப்பிள்ளைகளில் கடைசி யார்?"

"பேரன். மெண்டல்."

"வயது?"

"வரும் கோடையில் ஐந்து முடிகிறது."

"பாஸ்கா இரவில் எங்கே உட்காருவான்?"

"மேஜையின் கோடியில். அவன் அம்மா பக்கத்தில். எதைக் கொடுத்தாலும் கொட்டிவிடுவான், ரபி."

ரபி புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"அப்படியானால் இதை அவன் முன்னால் விரித்து வையுங்கள்."