நாற்பத்தோரு யோசனைகள்

முதலில், பெண்களுக்குத் தனி வாசல் வைத்தார்கள். அடுத்து, காலனி ஆட்களுக்குத் தனிக் குவளை வைத்தார்கள். அதன்பின், ஒடிசாவிலிருந்து வந்தவர்களுக்கு வருகைப் பதிவேடே வைக்கவில்லை. கடைசியாக, இவர்களால் பட்டறைக்கு என்ன புதுமை வந்தது என்று அளக்க ஒரு குழு வைத்தார்கள்.

இருபத்தாறு வருடம் சங்கக் கொடி பிடித்த மாசிலாமணி, நான்கையும் வரிசை பிசகாமல் சொல்லிவிட்டு, இரும்பு உலைக்காரர் ரஹீம் ஆசான் முன்னால் ஒரு தாளைப் போட்டார்.

“மூணு வருசத்துல நாப்பத்தோரு புது யோசனை, ஆசானே. அத்தனையும் பழைய ஆளுங்க பேருல. பலதரப்பட்ட ஆளை எடுத்ததால ஒரு புதுமையும் வரலையாம். திங்கக்கிழமை அவங்க அறுபது பேரையும் வேலைய விட்டு நிறுத்துறாங்க. இதுல சூது இருக்கு.”

“யாரோட சூது?”

“முதலாளியோடது.”

“வேற?”

“மேஸ்திரியோடது. குழுவுல உக்காந்திருக்கிற அத்தனை பேரோடதும்.”

“அவ்வளவுதானா?”

“வேற யாரு இருக்கா?”

ஆசான் தாளைத் தொடவில்லை.

“இதுல பதினேழாவது யோசனை என்ன?”

“மண் அச்சைத் தரையில காயப்போடாம உமியில வைக்கிறது. விரிசல் நின்னுச்சு. சொன்னது மேஸ்திரி துரைப்பாண்டி.”

ஆசான் மேஸ்திரியைக் கூப்பிட்டார். ஈர அச்சு ஒன்றைக் காட்டினார்.

“வச்சுக் காட்டுங்க.”

மேஸ்திரி உமியைக் கொட்டினார். பலகையால் தட்டிச் சமமாக்கினார். அச்சை இறக்கினார்.

அது நடுவில் பிளந்தது.

“தட்டக் கூடாது அண்ணாச்சி!” மண் சுமந்துகொண்டிருந்த வெள்ளத்தாய் கூடையை இறக்கிவிட்டு ஓடி வந்தாள். “அடை வைக்கும்போது முட்டைக்குக் குழி விடுவோம்லா, அப்படி விடணும்.”

“உன் சோலியப் பாரு. வாய் நீளுது.”

“அவங்க வைக்கட்டும்” என்றார் ஆசான்.

அவள் கையால் குழி பறித்தாள். இன்னொரு அச்சை இறக்கினாள். அது அசையாமல் உட்கார்ந்தது.

மாசிலாமணி துள்ளினார். “பார்த்தீங்களா? திருட்டு! நான் அப்பவே சந்தேகப்பட்டேன்!”

“சரி. யோசனை அட்டைய யாரு எழுதறது?”

“மேஸ்திரி. அதுதான் பட்டறை வழக்கம்.”

“சாட்சிக் கையெழுத்து?”

மாசிலாமணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சங்கம் போடும்.”

“சங்கத்துல யாரு?”

மாசிலாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வெள்ளத்தாய்தான் பேசினாள். அவள் குரலில் கோபம் இல்லை.

“உங்ககிட்டதான மொதல்ல சொன்னேன், தோழர். மேஸ்திரிகிட்ட போய்ச் சொல்லுன்னீங்க.”

ஆசான் உலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாசிலாமணி போய் ஷிஃப்ட் மணியை அடித்தார். இரண்டு வாசல்களிலிருந்தும் ஆட்கள் வந்து கூடினார்கள். குழுவும் வந்தது. அவர் பெஞ்சின் மேல் ஏறினார்.

“பதினேழாவது யோசனை. சாட்சிக் கையெழுத்து என்னோடது. அது பொய். சொன்னவர் பேரு, மு. வெள்ளத்தாய்.”